தொட்டி நிரம்பினால் கூவும் பெட்டி

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். அவர் காதில் விழவில்லை என்றால் எதிர்வீட்டு அம்மா, "உங்கள் தொட்டி வழிகிறது" என்று சன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக நன்றாகவே நடந்துவந்தது. எதிர்வீட்டு அம்மா மகள் வீட்டுக்குப் போன ஒரு மாதத்தில்தான் நான் அந்தப் பெட்டியைச் செய்தேன்.

எலக்ட்ரானிக்ஸில் கைவைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தொட்டியைத்தான் காட்டுகிறேன். பலரும் முதல் நாளே, நிரல் ஏற்றி இயக்கும் ஆர்டுயினோ பலகை ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவான அந்தப் பலகை நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கியவர் யாரோ எழுதிய நிரலை ஏற்றி ஒரு விளக்கை மினுக்கிவிட்டு, நான்காம் நாள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார். விளக்கு மினுங்கினால் வீட்டில் யாருக்கு என்ன பயன்? தொட்டி நிரம்பியதும் ஒரு பெட்டி கூவினால், வீட்டிலுள்ள அத்தனை பேரும் உங்கள் கைவேலையைத் தினமும் பரிசோதிப்பார்கள். அது வேலை செய்யாத நாளில் உங்களைத் தேடிவந்து சொல்வார்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தொடங்கும் முன் ஒரு கட்டளை. இந்த வேலையில் நாம் தொடப்போவது 6 வோல்ட் மட்டுமே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எந்த இடத்திலும் தொடப்போவதில்லை. "மோட்டாரே தானாக நின்றுவிட்டால் இன்னும் நல்லதல்லவா?" என்று அடுத்த கேள்வி வரும். நல்லதுதான். அதற்கு ரிலே என்ற மின்சார சுவிட்ச் வேண்டும், மெயின் லைனில் கைவைக்க வேண்டும், ஈரமான இடத்தில் செய்ய வேண்டும். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள். பழைய செல்போன் சார்ஜரை மின்கலத்துக்குப் பதிலாகப் போடும் ஆசையும் வேண்டாம். மலிவான சார்ஜரில் மின்கசிவு இருந்தால், தண்ணீரில் கம்பி தொங்கும் ஒரு கருவியோடு அதை இணைப்பது நல்ல யோசனை அல்ல.

கடைக்குப் போகும் முன்

பட்டியல் சிறியது. பி.சி.547 டிரான்சிஸ்டர், சிவப்பு எல்.இ.டி., 330 ஓம், 10 கே, 100 கே ரெசிஸ்டர்கள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துபவை; கே என்றால் ஆயிரம் ஓம்), கூவுவதற்கு ஒரு பஸ்ஸர், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் நான்கு, அவற்றை மாட்டும் ஹோல்டர், துளைகளில் செருகியே மின்சுற்று அமைக்க ஒரு பிரெட்போர்டு, அதில் செருகும் ஜம்பர் கம்பிகள், மின்சாரத்தை அளக்க ஒரு சிறிய மல்டிமீட்டர். மீட்டரைத் தவிர மற்றவை எல்லாம் சேர்ந்தும், ஒரு குடும்பம் ஓட்டலில் சிற்றுண்டி சாப்பிடும் செலவைத் தாண்டாது. மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மிக விலையுயர்ந்தது தேவையில்லை, ஆனால் கம்பி அறுந்திருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கும்போது 'பீப்' என்று ஒலிக்கும் வசதி இருக்க வேண்டும். இந்தத் துறையில் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியது மிகக் குறைவு.

சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு. மற்ற ஊர்களில், டி.வி. பழுதுபார்ப்பவரிடம் அவர் உதிரி பாகம் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள், அதுவே முகவரி. கடையில் நின்று 'மின்தடையம்', 'மின்னொலிப்பான்' என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். பகுதியின் எண்ணையும் மதிப்பையும் சொல்லுங்கள். "பி.சி. ஐந்நூற்று நாற்பத்தேழு பத்து, டென் கே பத்து" என்றால் சில நொடிகளில் காகிதப் பொட்டலம் கைக்கு வரும். டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை. ஒன்று வேண்டிய இடத்தில் பத்து வாங்குங்கள். முதல் வாரத்தில் இரண்டையாவது எரிப்பீர்கள்.

பஸ்ஸர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அதில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று, மின்சாரம் கொடுத்தவுடன் தானே கத்தும். மற்றது, வெளியிலிருந்து அதிர்வைக் கொடுத்தால் மட்டுமே கத்தும், வெறும் மின்கலத்தில் வைத்தால் 'டக்' என்று ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு அமைதியாகிவிடும். நான் முதலில் வாங்கியது இரண்டாம் இனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுற்றைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். குற்றம் சுற்றில் இல்லை என்று மாலையில்தான் தெரிந்தது. சிவப்பு, கறுப்புக் கம்பிகளோடு, 3 முதல் 24 வோல்ட் என்று குறித்திருக்கும் கறுப்பு வட்டப் பஸ்ஸரைக் கேளுங்கள். கடையிலேயே ஒரு மின்கலத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை.

நான்கு செல்லுக்குப் பதிலாக 9 வோல்ட் சதுரப் பேட்டரி போதாதா என்று கேட்கலாம். அதன் உள்ளே இருக்கும் சரக்கு குறைவு, விலை அதிகம். நான்கு பென்சில் செல்கள் நெடுநாள் நிற்கும். ஆல்கலைன் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் மாலை: ஒரு விளக்கு மட்டும்

புதியவர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பொருத்திவிட்டுக் கடைசியில் மின்சாரம் கொடுக்கிறார்கள். வேலை செய்யவில்லை என்றால் பன்னிரண்டு இணைப்புகளில் எது தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பகுதியை வையுங்கள், சோதியுங்கள், அப்புறம் அடுத்ததை வையுங்கள். சமையலில் உப்பு பார்ப்பது போலத்தான்.

பிரெட்போர்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ரேடியோ புதிதாக வந்த காலத்தில் பொழுதுபோக்காளர்கள் உண்மையாகவே ரொட்டி நறுக்கும் பலகையில் ஆணி அடித்துச் சுற்று அமைத்தார்கள். பெயர் அப்படி வந்தது. நடுவில் ஓடும் பள்ளத்தின் இருபுறமும் ஐந்தைந்து துளைகள் கொண்ட சிறு வரிசைகள் இருக்கும். ஒரு வரிசையின் ஐந்து துளைகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஓரங்களில் நீளமாக ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் பிளஸ், மைனஸ் ஆகியவற்றுக்கு. சில நீளமான பலகைகளில் அந்தக் கோடு நடுவில் அறுந்திருக்கும். மீட்டரை 'பீப்' நிலையில் வைத்து இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். மீட்டருக்கும் உங்களுக்கும் அதுவே முதல் அறிமுகமாக இருக்கட்டும்.

இப்போது பிளஸ் கோட்டிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் காலை மைனஸ் கோட்டில். விளக்கு எரியும். எரியவில்லை என்றால் எல்.இ.டி.யைத் திருப்பி மாட்டுங்கள், அது ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். ரெசிஸ்டர் எதற்கு என்றால், சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 6 வோல்ட்டில் மிச்சம் 4. நான்கை 330ஆல் வகுத்தால் 12 மில்லி ஆம்பியர். எல்.இ.டி.க்கு அது வசதியான அளவு. ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் ஒரு நொடி பிரகாசமாக எரிந்து கருகிவிடும். கையில் பத்து வாங்கியிருந்தால் ஒன்றை அப்படி எரித்துப் பாருங்கள், பிறகு மறக்கவே மறக்காது.

ரெசிஸ்டரின் வண்ண வளையங்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். நமக்கு வேண்டியவை மூன்று. ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330 ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு 10 கே. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் 100 கே. கடைசியில் தங்க நிறம் இருந்தால் மதிப்பு ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும் என்று பொருள். நீல உடம்புள்ள ரெசிஸ்டர்களில் ஐந்து வளையங்கள் இருக்கும், அவற்றின் கணக்கு வேறு. குழம்பினால் மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது ரெசிஸ்டர் பலகையில் இருக்கக் கூடாது. மின்கலமும் இணைந்திருக்கக் கூடாது.

மடையும் நீராணியும்

டிரான்சிஸ்டர் என்றதும் பலர் பாடப்புத்தகத்தைத் தேடுகிறார்கள். ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள் போதும். மடையின் பின்னால் ஏரித் தண்ணீர் முழுவதும் அழுத்திக்கொண்டு நிற்கிறது. ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் நீராணி வந்து அடைப்பைக் கொஞ்சம் தூக்குகிறார். அவர் செலவிடும் பலம் சிறிது, பாயும் தண்ணீரோ வாய்க்கால் கொள்ளாதது. அவர் கொஞ்சம் தூக்கினால் கொஞ்சம் பாயும், நன்றாகத் தூக்கினால் நிறையப் பாயும். பி.சி.547இன் நடுக்கால்தான் அந்த நீராணி, அதற்கு பேஸ் என்று பெயர். தண்ணீர் வரும் பக்கம் கலெக்டர், போகும் பக்கம் எமிட்டர். பேஸில் ஒரு பங்கு மின்னோட்டம் நுழைந்தால் கலெக்டர் வழியாக ஏறத்தாழ இருநூறு பங்கு பாய முடியும். இந்தப் பெருக்கம் துண்டுக்குத் துண்டு மாறும். ஆனால் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இந்தச் சிறிய துண்டு தாங்காது. நமக்கு அதில் கால் பங்கு போதும்.

எழுத்து பொறித்த தட்டையான முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். இந்த வரிசை பி.சி.547க்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2என்3904இல் இதே வரிசை தலைகீழாக இருக்கும். கிடைத்ததை மாட்டிவிட்டுச் சுற்றைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணைப்பைச் சொல்கிறேன். படம் இல்லாமலே கையால் செய்துவிடலாம். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் பலகையில் மூன்று தனித்தனி வரிசைகளில் செருகுங்கள். எமிட்டரை மைனஸ் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். முன்பு எல்.இ.டி.யின் குட்டைக் கால் மைனஸில் இருந்ததல்லவா, அதை எடுத்துக் கலெக்டர் வரிசையில் செருகுங்கள். 330 ஓம் ரெசிஸ்டர் முன்போலவே பிளஸ் கோட்டில் இருக்கட்டும். பேஸ் வரிசையில் 10 கே ரெசிஸ்டரின் ஒரு முனையைச் செருகுங்கள். மறு முனை ஒரு வெற்று வரிசையில் இருக்கட்டும், அங்கிருந்து ஒரு ஜம்பர் கம்பியைத் தொங்கவிடுங்கள். பிளஸ் கோட்டிலிருந்து இன்னொரு ஜம்பர் கம்பி. இந்த இரண்டு கம்பிகளின் நுனிகளும்தான் நாளை தொட்டிக்குள் தொங்கப்போகின்றன.

விளக்கு எரியாது. இப்போது இரண்டு நுனிகளையும் ஒரே விரலால் தொடுங்கள். விளக்கு மங்கலாகத் தெரியும். விரலை நாக்கில் நனைத்துத் தொட்டால் வெளிச்சம் கூடும். அழுத்தினால் இன்னும் கூடும். 6 வோல்ட்தான், உங்கள் உடம்புக்கு எதுவும் உறைக்காது. உங்கள் தோல் வழியாக ஊர்ந்துபோன மிகச் சிறிய மின்னோட்டம் மடையைத் தூக்கியிருக்கிறது. நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிடுவேன். குழந்தைகள் ஆளுக்கு ஒரு கையைக் கோத்துக்கொண்டு, கடைசி ஆட்கள் கம்பியைத் தொட்டு, எத்தனை பேர் வரை விளக்கு தெரிகிறது என்று பார்ப்பார்கள். 10 கே ரெசிஸ்டர் ஒரு காவலாளி. இரு நுனிகளும் தவறுதலாக ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பேஸ் எரிந்துபோகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

டம்ளர் தண்ணீர்

இனி ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் எடுத்து நுனிகளை ஒரு விரற்கடை இடைவெளியில் நனையுங்கள். விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். அதே சோதனையை ஆர்.ஓ. தண்ணீரில் செய்தால் வெளிச்சம் குறைவதைப் பார்க்கலாம். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் திரும்ப வந்துவிடும். மின்சாரத்தைக் கடத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது அனுகூலம் இருக்கிறது.

ஆர்வமுள்ளவர்கள் மீட்டரை ஓம் நிலையில் வைத்து டம்ளர் தண்ணீரின் தடையை அளந்து பார்ப்பார்கள். எண் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மீட்டரின் மின்சாரமே கம்பிப் பரப்பில் வேதிமாற்றத்தைத் தொடங்கிவிடுகிறது, அதனால் அளவு நகர்கிறது. இதே வேதிமாற்றம் பின்னால் தொட்டியில் நமக்குத் தலைவலி தரும், நினைவில் வையுங்கள்.

விளக்கு சரியாக எரிந்தால் பஸ்ஸரைச் சேருங்கள். சிவப்புக் கம்பி பிளஸ் கோட்டில், கறுப்புக் கம்பி கலெக்டர் வரிசையில். இப்போது தண்ணீர் பட்டால் விளக்கும் எரியும், பஸ்ஸரும் கத்தும். கடைசியாக 100 கே ரெசிஸ்டரை பேஸ் வரிசைக்கும் மைனஸ் கோட்டுக்கும் நடுவில் போடுங்கள். அது இல்லாமலும் மேசையில் எல்லாம் நடக்கும். ஆனால் மாடிக்கு இழுக்கும் நீண்ட கம்பி வீட்டு மின்சார வயரிலிருந்து வேண்டாத மின்னதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு வரும், ஈரக் காற்றில் சிறு கசிவும் வரும். அந்த உதிரி மின்னோட்டத்தை 100 கே வடித்து மைனஸுக்கு அனுப்பிவிடும். இதைப் போட்டபின் விரலால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த விரலுக்கு விளக்கு முன்புபோல எளிதில் மசியாது. இனி அதற்குத் தண்ணீர்தான் வேண்டும்.

இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்த விஷயம், இதற்கு ஆன்-ஆஃப் சுவிட்சே தேவையில்லை என்பது. தண்ணீர் தொடாதவரை மடை மூடியே இருக்கிறது, மின்கலத்திலிருந்து சொல்லும்படியாக எதுவும் செலவாவதில்லை.

தொட்டிக்குள்

சுற்று அரை மணி நேர வேலை. தண்ணீரைத் தொடும் முனைகளைச் சரியாகச் செய்ய எனக்கு மூன்று வாரக் கடைசிகள் பிடித்தன. இந்த விகிதம் தெரியாததால்தான் பலருடைய பெட்டிகள் மேசையோடு நின்றுவிடுகின்றன.

முதல் முயற்சியில் செம்புக் கம்பியின் நுனியைச் சீவி அப்படியே தொங்கவிட்டேன். சில வாரங்களில் பிளஸ் பக்கத்துக் கம்பி பச்சை பிடித்து மெலிந்துபோனது. மின்கலத்தின் ஒரே திசை மின்சாரம் தண்ணீர் வழியாகப் போகும்போது பிளஸ் பக்க உலோகம் கரையத் தொடங்கும். டம்ளரில் பார்த்த அதே வேதிமாற்றம். குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரில் செம்பும் வேண்டாம், ஈயம் கட்டாயம் வேண்டாம். எவர்சில்வர் திருகாணிகள் இரண்டு வாங்குங்கள், ஹார்டுவேர் கடையில் எஸ்.எஸ். ஸ்க்ரூ என்று கேட்டால் கொடுப்பார்கள். கூடவே நட்டும் வாஷரும்.

கம்பிகளை இணைக்க உருக்கி வைக்கும் சாதாரண சால்டரிங் ஈயம் எவர்சில்வரில் ஒட்டாது. எவ்வளவு சூடாக்கினாலும் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடும். அதனால் கம்பியைத் திருகாணியின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு வாஷர்களுக்கு நடுவில் வைத்து நட்டை இறுக்குங்கள். அந்த இணைப்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், அதன்மேல் எம்-சீல் பூசிவிடுங்கள்.

இரண்டாவது முயற்சியில் இரண்டு திருகாணிகளையும் ஒரு மரக் கட்டையில் பொருத்தினேன். தொட்டி நிரம்பியதும் அழகாகக் கத்தியது. தண்ணீர் இறங்கிய பிறகும் கத்திக்கொண்டே இருந்தது. மரம் ஊறிவிட்டது, ஈர மரமே இரு முனைகளையும் இணைத்துவிட்டது. மரத்தை எறிந்துவிட்டு பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை எடுத்தேன். இம்முறை கத்தும் நேரம் குறைந்தது, ஆனாலும் பிளாஸ்டிக் மேல் படர்ந்த ஈரப் படலம் காயும்வரை முனகியது. இரண்டு மாற்றங்களில் அது சரியானது. திருகாணிகளை மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளியில், நுனி நேராகக் கீழே பார்க்கும்படி, குழாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். அப்போது கடைசிச் சொட்டு நுனியில் தொங்கி விழுந்துவிடும், பக்கத்து நுனியோடு சேராது. அதோடு 100 கே ரெசிஸ்டரை 22 கே ஆக மாற்றினேன். ஓம் குறைந்தால் வடிகால் பெரிதாகும், ஈரப் படலத்தின் சிறு கசிவு முழுவதும் அதிலேயே போய்விடும். உங்கள் தண்ணீருக்கு 100 கே போதுமென்றால் தொடாதீர்கள். போதவில்லை என்றால் 47, 22 என்று இறங்கிப் பாருங்கள். மிகவும் இறக்கினால் தண்ணீர் வந்தாலும் கத்தாது.

முனைகளை எந்த உயரத்தில் வைப்பது? முதலில் வழிகுழாய்க்குச் சற்றுக் கீழே வைத்தேன், ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்ற பேராசையில். அதன் விளைவு, மோட்டாரை நிறுத்திய பிறகும் யாராவது குளித்துத் தண்ணீர் இறங்கும்வரை அது கத்தும். தொல்லை தாங்காமல் ஒரு சுவிட்ச் வைத்தேன். சுவிட்சை அணைப்பவர் திரும்பப் போட மறந்தார். தொட்டி பழையபடி வழிந்தது. பெரும்பாலும் அந்த மறந்தவர் நான்தான்.

பிறகு ஒருநாள் தொட்டி வழியும்போது உள்ளே ஒரு அளவுகோலை நீட்டிப் பார்த்தேன். வழிகுழாயின் கீழ்விளிம்புக்குத் தண்ணீர் வந்தவுடன் நின்றுவிடுவதில்லை. மோட்டார் ஓடும்வரை, வரும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக மட்டம் அந்த விளிம்புக்கு மேலே சற்று ஏறி நிற்கிறது. மோட்டாரை நிறுத்தினால் விளிம்புவரை வடிந்து இறங்குகிறது. என் தொட்டியில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். முனைகளை அதன் நடுவில், விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வைத்துவிட்டேன். தொட்டி வழியத் தொடங்கியதும் கத்தும், மோட்டாரை நிறுத்திய சிறிது நேரத்தில் தானே அடங்கும். சுவிட்ச் தேவையில்லை. சில வாளித் தண்ணீர் போகிறதே என்றால், ஆமாம், போகிறது. மறதியோடு ஒப்பிட்டால் அது மலிவு. உங்கள் தொட்டியின் வழிகுழாய் அகலமாக இருந்தால் வித்தியாசம் குறையும், நீங்களே அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இடி மின்னல் உள்ள நாளில் மாடிப் பக்கம் போகவே வேண்டாம்.

மாடியிலிருந்து கம்பி இழுக்க, கழித்துப்போட்ட லேன் கேபிள் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும், நமக்கு இரண்டு போதும். வெயிலில் அதன் மேலுறை வெடிக்கும். திறந்த வெளியில் வரும் பகுதியை மட்டுமாவது பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். வீட்டு மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதை நுழைக்கக் கூடாது.

ஈயம் வைத்தல்

பிரெட்போர்டு நிரந்தர வீடு அல்ல. கம்பி தளரும், துளையில் தூசி ஏறும். துளைகள் கொண்ட செம்புப் பலகை, ஜீரோ பி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும், ஒன்றை வாங்கி அதில் இறக்கிவிட வேண்டும். ஈயத்தை உருக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும்.

தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசணுமா" என்று கூவி வந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அவர் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவித் துடைத்த பிறகே ஈயத்தைத் தடவுவார். நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்த அழுக்கை எடுக்கும். நம் சால்டர் கம்பியின் உள்ளே பைன் மரப் பிசின் ஒரு மெல்லிய நரம்பாக ஓடுகிறது, இங்கே அதே வேலையை அது செய்கிறது. ஒரு வித்தியாசம் முக்கியம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் நஞ்சு. வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், மேசையில் காபி டம்ளர் இருக்கக் கூடாது. புகை பிசினிலிருந்து வருவது, அதையும் மூக்குக்கு நேராக வாங்க வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள்.

அயர்ன் சூடானதும் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்துக் கொஞ்சம் ஈயம் தொட்டு மினுக்குங்கள். பிறகு நுனியை, பகுதியின் காலும் பலகையின் செம்பு வட்டமும் சேரும் இடத்தில் வையுங்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். இப்போது சால்டர் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள். அயர்னில் அல்ல, சூடான இணைப்பில். அது சட்டென்று உருகி வட்டம் முழுவதும் பரவும். முதலில் சால்டரை எடுங்கள், பிறகு அயர்னை. ஆறும்வரை ஊதாதீர்கள், அசைக்காதீர்கள். நல்ல இணைப்பு பளபளப்பாக, கவிழ்த்த சிறு புனல்போல அடி பரந்து இருக்கும். மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தால் அது உலோகத்தைப் பிடிக்கவில்லை. டி.வி. மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று தலையில் அடித்துக்கொள்வார்களே, அதுதான் இது. திரும்பச் சூடாக்கிக் கொஞ்சம் புது ஈயம் கொடுங்கள். முதல் பத்து இணைப்புகளை வெறும் கம்பித் துண்டுகளில் பழகிவிட்டு டிரான்சிஸ்டருக்கு வாருங்கள். அதன் காலில் மூன்று நொடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது.

சத்தம் வரவில்லையா?

பதற்றத்தில் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். மின்கலத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டு வாருங்கள். ஹோல்டரின் இரு முனைகளில் 6 வோல்ட்டுக்கு அருகே வருகிறதா? வரவில்லை என்றால் ஏதோ ஒரு செல் தலைகீழாக இருக்கலாம் அல்லது தீர்ந்திருக்கலாம். வருகிறது என்றால் ஒரு கம்பித் துண்டால் கலெக்டரையும் எமிட்டரையும் நேராக இணையுங்கள். பஸ்ஸர் கத்தினால் குற்றம் பஸ்ஸர் பக்கத்தில் இல்லை, மடைப் பக்கத்தில். முனைகளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் வோல்ட் அளந்து பாருங்கள். 0.6 அல்லது 0.7 இருக்க வேண்டும். பூச்சியம் என்றால் தண்ணீரிலிருந்து மின்சாரம் வந்து சேரவில்லை, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது திருகாணி தளர்ந்திருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டிரான்சிஸ்டர் போய்விட்டது. 0.7 இருந்தும் சத்தம் மெலிதாக இருந்தால் உங்கள் தண்ணீரில் உப்பு குறைவு. திருகாணிகளைக் கொஞ்சம் நெருக்கமாக வையுங்கள், அல்லது வடிகால் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டுங்கள்.

மீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது மின்கலத்தின் இரு முனைகளையும் தொட்டுவிடாதீர்கள். அந்த நிலையில் மீட்டர் வெறும் கம்பித் துண்டுக்குச் சமம்.

எல்லாம் சரியானதும் பலகையையும் மின்கலத்தையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கி, பஸ்ஸர் வாய் வெளியே தெரியும்படி துளையிட்டு, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். கத்துவதைக் கேட்டவர் கை நீட்டினால் மோட்டார் சுவிட்ச் இருக்க வேண்டும். கம்பி நுழையும் துளையை மெழுகால் அடையுங்கள். இல்லாவிட்டால் எறும்பு குடியேறும், எறும்பைத் தேடிப் பல்லி வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும்போது திருகாணிகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் வெள்ளைப் படிவு பிடித்திருக்கும். மின்கலம் மாற்றிய தேதியை டப்பாவின் உள்மூடியில் பென்சிலால் எழுதுங்கள். என் டப்பாவில் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன. எதிர்வீட்டு அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டார். தொட்டி வழிந்தால் பஸ்ஸர் சத்தம் அவருக்கும் கேட்கிறதாம். அவர் வீட்டுக்கும் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார், ஆனால் கொஞ்சம் மெதுவாகக் கத்த வேண்டுமாம்.